அவன் பேருக்கு வந்த பார்சல்

"கல்யாணம் ஆகாத பையன். உங்களுக்கு எதுக்குத் தம்பி தாய்ப்பால் எடுக்கிற பம்பு?"

வனமாமலை கேட்ட கேள்வியில், டீயோடு தன் ரூமுக்குள் நுழைந்த சங்கரநாராயணன் அப்படியே நின்றுவிட்டான். அவன் பின்னால் வந்த ரகுபதியும் நின்றான்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க நாங்குநேரியிலிருந்து ஒரகடம் வந்திருந்தார் வனமாமலை. மகன் ரகுபதியோடு ஒரே கம்பெனியில், ஒரே லைனில் வேலை பார்க்கிறவன்தான் சங்கரநாராயணன். "தங்கமான பையன்ப்பா" என்று ரகுபதி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போனில் பேசிப் பார்த்த மகள் சுகப்பிரியாவுக்கும் பிடித்துப்போனது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஊர் திரும்ப டிக்கெட் போடுகிறேன் என்று சங்கரநாராயணன் தன் போனை அவர் கையில் கொடுத்து, "பேரு, வயசு மட்டும் அடிச்சு வைங்க மாமா. டீ வாங்கிட்டு வந்துருதோம்" என்று போனான். அந்த நேரம் பார்த்து ஒரு மெசேஜ் வந்தது. பார்சல் நாளைக்கு வருகிறதாம். என்ன பார்சல் என்று வனமாமலை விரலை வைத்தார். அவன் இதுவரை வாங்கியதெல்லாம் படத்தோடு வரிசையாக வந்து விழுந்தது.

"வழுக்கைக்குத் தைலம். அது போகட்டும். இது என்ன, சர்க்கரை பாக்கிற மெசினு? மாசாமாசம் அதுக்கு ரத்தம் தொட்டு வைக்கிற பட்டை வேற வாங்கியிருக்கு. உங்களுக்குச் சர்க்கரையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல மாமா."

"அப்ப யாருக்கு?"

"வாங்கினது நான்தான். யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

"பம்பு?"

சங்கரநாராயணன் தரையைப் பார்த்தான்.

வனமாமலை மகனைத் திரும்பிப் பார்த்தார். ரகுபதியின் முகம் செத்துப்போயிருந்தது. இப்படிப்பட்டவனைக் கூட்டாளி என்று நம்பினோமே என்று நினைக்கிறான் போல. பாவம்.

பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். டீயைத் தொடக்கூட இல்லை.

ரோட்டோரம் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போதும் அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"நல்லாப் பாத்தடா மாப்பிள்ளை! இருபத்தெட்டு வயசுல சர்க்கரை. அது போதாதுன்னு வேற எங்கயோ குடும்பம் வேற இருக்கும் போல. சர்க்கரைக்காரனுக்கு எவன்லே பொண்ணு குடுப்பான்?"

"அப்ப எனக்கும் எவனும் குடுக்க மாட்டான்லாப்பா."

"என்னலே சொல்லுத?"

"அந்த மெசினு எனக்கு."

வனமாமலை பையைக் கீழே வைத்தார்.

"கம்பெனி செக்கப்புல போன வருசம் கண்டுபிடிச்சாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா சோறு திங்க மாட்டா. அதான் சொல்லல."

"அதுக்கு எதுக்கு அவன் பேருல வாங்கின? உங்கிட்டயுந்தான் கார்டு இருக்கு. அதுல வாங்க வேண்டியதுதானே?"

"என் பேங்க் கணக்குல யாரு நம்பர் இருக்கு? உங்க நம்பர்தானே. கார்டு போட்ட மறு நிமிசம் கடைப் பேரோட உங்களுக்கு மெசேஜ் வரும். என்னலே வாங்கினன்னு போன் போடுவீங்க. பார்சல் வந்ததும் காசு குடுக்கலாம்னா, நான் இருக்கிற கம்பெனி ஹாஸ்டல் கேட்ல செக்யூரிட்டி பிரிச்சுப் பாத்துதான் உள்ள விடுவாரு. மறுநாள் லைன் பூராவும் தெரிஞ்சிரும். அதனாலதான் சங்கரநாராயணன் கார்டு, அவன் பேரு, அவன் ரூம். என்னைய மாதிரி இன்னும் நாலஞ்சு பேரு. எதுக்கு, என்னன்னு ஒருத்தர்ட்டயும் ஒரு வார்த்தை கேக்க மாட்டான்."

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

"சிங்கப்பெருமாள் கோவிலா பெரியவரே? ஏறு. இன்னா நின்னுக்கினே கீற?"

"நீ போப்பா" என்றார் வனமாமலை.

மகன் தோளில் கை வைத்தார். "காலையில சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" என்று மட்டும் கேட்டார். ரகுபதி தலையை ஆட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

ரூம் கதவு திறந்தே கிடந்தது. மூன்று டீயும் ஆறிப்போய் அப்படியே இருக்க, சங்கரநாராயணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இவர்களைப் பார்த்ததும் பதறி எழுந்தான்.

"இவன் உங்க பக்கத்துலதானே நின்னான். இவனுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க பேரு கெட்டிருக்காதுல்லா?"

"அவன் சொல்லாம நான் எப்படி மாமா சொல்ல முடியும்?"

வனமாமலை மெல்லக் கேட்டார்.

"சரி, அந்தப் பம்பு?"

"அவங்க இன்னும் சொல்லலையே மாமா."

வனமாமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரகுபதியும் சிரித்தான்.

"லே, போய் சூடா மூணு டீ வாங்கிட்டு வா. உனக்குச் சீனி வேண்டாம்" என்று மகனை அனுப்பினார். அவன் படி இறங்கும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, கதவைச் சாத்தினார். சங்கரநாராயணன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

"மாப்ளே, ரெண்டு வருசமா எனக்கு வலது காது சரியாக் கேக்கல. அதுல மாட்டுற மெசினு உங்க கார்டுல வாங்கித் தருவீங்களா? உங்க அத்தைக்கு மட்டும் தெரியவே கூடாது."