வெளுத்த பிளக்

சொல்லலாமா, வேண்டாமா? அவள் மனம் அடித்துக்கொண்டது. பந்தயம் தொடங்கப்போகிறது. அண்ணனின் டூ ஸ்ட்ரோக் பைக்கோ, மெதுவாக ஓடும்போது சமர்த்தாக இருந்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கினால் மூச்சுத் திணறியது.

மனம் கேட்கவில்லை. “ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாருண்ணே,” என்றாள்.

பிளக் வெள்ளை வெளேரென்றிருந்தது.

“வெளுத்திருந்தா, எஞ்சினுக்குப் போற பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். கார்புரேட்டர்ல பெட்ரோல் பாயுற ஜெட்டைக் கழட்டிட்டுப் பெரிய ஓட்டை உள்ளதா போடு.”

போட்டான். முறுக்கினான். வண்டி சீறியது.

“என் ராசாத்தி! இனி எவன் என்னைப் பிடிப்பான்?” என்று குதித்தான்.

அவளுக்கும் உற்சாகம் தாங்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தொடக்கக் கோட்டில் அவனுக்குப் பக்கத்தில் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அண்ணன் அவள் பக்கம் சாய்ந்து கெஞ்சினான். “பாப்பா, பொண்ணு வீட்டுக்காரங்க பார்க்க வந்திருக்காங்க. இந்த ஒரு தடவை எனக்குப் பின்னாடியே வாயேன்.”

“மாட்டேண்ணே,” என்றாள் மெதுவாக.