மிளகு ஓடி வந்த குரல்

"மிளகு, வாடா!" தொண்டை வறளக் கத்தியும் மைதானத்தின் மறுகோடியில் துள்ளிக்கொண்டிருந்த நாய் திரும்பவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் குளிப்பாட்டத்தான் இழுத்துப்போயிருக்கிறேன். பிறகு எப்படி வரும்?

அலுப்புடன் கைப்பேசியின் குரல் செயலியில் ஒரு வரி தட்டினேன்; தட்டுவதை அது வாய்விட்டுப் பேசும். கல்யாணமான புதிதில் எடுத்த வீடியோக்களைக் கேட்டு அது என் அன்றைய குரலைக் கற்றிருந்தது.

"மிளகு, ஓடி வாடா செல்லம்!" என்று கைப்பேசி குழைந்தது.

பறந்து வந்த நாய் என்னை விட்டுவிட்டுக் கைப்பேசியை நக்கியது.

வீட்டில் கணவர் ஜெயசீலனைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தேன். அவர் அறையை விட்டு வரவில்லை. மறுபடி கைப்பேசியில் தட்டினேன்.

"என்னங்க, சாப்பிட வாங்களேன்!" என்று அது கொஞ்சியது.

சிரித்துக்கொண்டே ஓடி வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஓ... நீதானா?"