கப்பல் விடலை

"அந்த வேண்டுதலை மட்டும் தீர்த்திருந்தா மனுஷன் இன்னிக்கு நம்மளோட உட்கார்ந்திருப்பாரு. அவருக்குத்தான் அக்கறையே இல்லாம போச்சே."

அப்பாவோட பதினாறாம் நாள் காரியம். பந்தியில உட்கார்ந்தவங்ககிட்டயெல்லாம் அம்மா இதையே சொல்லிக்கிட்டிருந்தா. செத்த மனுஷனைக்கூட விடமாட்டாளான்னு எனக்கு எரிச்சலா வந்துச்சு.

அப்பா ஆதிமூலம் நேவியில இருந்தவர். எழுபத்தொண்ணு சண்டையப்போ நாப்பது நாள் அவர்கிட்டேயிருந்து கடுதாசி இல்லை. உயிரோட திரும்பி வந்தா அடுத்த தீபத்துக்கு ரெண்டு பேரும் ஜோடியா மலை சுத்தறோம்னு அம்மா அண்ணாமலையாருக்கு வேண்டிக்கிட்டா.

உயிரோட வந்தார். பத்து நாள் இருந்துட்டுத் திரும்பக் கப்பலுக்குப் போனார். ஆனா, அந்த தீபத்துக்கு வரலை.

எங்க வீடு அடி அண்ணாமலையில, மலை சுத்தற வழியிலேயே. ஜனங்க ஜோடி ஜோடியா போறதை வாசல்ல நின்னு பார்த்துட்டு, அம்மா தனியா சுத்திட்டு வந்தா. அதுக்கப்புறம் பால் திரிஞ்சாலும் சரி, கொல்லையில மல்லாட்டைச் செடிக்குப் பூச்சி விழுந்தாலும் சரி, அந்த வேண்டுதல்தான் காரணம். அடுத்த வருஷம் சுத்தலாமேன்னு அப்பா எத்தனையோ தடவை கூப்பிட்டார். சொன்ன வருஷம் சுத்தாதது சுத்தாததுதான்னுட்டா அம்மா.

இதுல எனக்கும் ஒரு பங்கு உண்டு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவோட கடுதாசியைப் படிச்சுக் காட்டறதும், அம்மா சொல்லச் சொல்ல பதில் எழுதறதும் நான்தான். அப்போ எனக்கு ஒம்பது வயசு. தீபத்துக்கு லீவு கேட்டிருக்கேன், வர்றப்போ உங்க ரெண்டு பேரையும் விசாகப்பட்டினத்துக்கே கூட்டிட்டு வந்துடறேன்னு அப்பா எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தையும் என் சிநேகிதி சரோஜாவையும் விட்டுட்டுப் போகணுமான்னு எனக்கு அழுகையா வந்துச்சு. விசாகப்பட்டினத்தை மட்டும் அம்மாவுக்கு நான் படிச்சுக் காட்டவே இல்லை.

கட்டாயம் வந்துடுங்கன்னு எழுதச் சொன்னா அம்மா. தீபத்துக்கு வர வேணாம், தை மாசம் வந்தா போதும்னு நான் எழுதிட்டேன்.

தை மாசம் அப்பா வந்தார். பெட்டியைக்கூட இறக்கலை, அம்மா பிடிச்சுக்கிட்டா.

"வாங்கன்னு எழுதச் சொன்னேனே, ஏன் வரலை?"

நான் கதவோரமா ஒதுங்கி நின்னேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"கப்பல் விடலை தங்கம்."

அப்பாடான்னு இருந்துச்சு. கப்பல்லயே லீவு விடலை, நான் எழுதினதால ஒண்ணும் கெட்டுப்போகலைன்னு அதோட மறந்துட்டேன். வளர்ந்தப்புறம் அம்மாவோட சேர்ந்துக்கிட்டு, "கப்பல் விடலையாம்"னு நானும் அப்பாவைக் கிண்டல் பண்ணியிருக்கேன். சிரிச்சுக்குவார்.

பந்தி முடிஞ்சதும், பென்ஷன் ஆபீசுல கேட்ட சர்வீஸ் பேப்பரைத் தேடி அப்பாவோட டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வெள்ளை யூனிபாரத்துக்கு அடியில ஒரு இங்கிலீஷ் பேப்பர். தீபத்துக்கு நாலு நாள் முன்னாடியிலேர்ந்து இருபது நாள் லீவு சாங்ஷன். கப்பல் விட்டிருக்கு. குறுக்கே ஒரு கோடு போட்டு, வீட்டுல வர வேணாம்ங்கறாங்க, லீவு வேண்டாம்னு அப்பா கைப்பட எழுதியிருந்தார். அதோட சேர்த்துக் குத்தி வச்சிருந்தது, என் குண்டு குண்டு எழுத்துல அந்த இன்லாண்ட் லெட்டர்.

"என்னடி சந்திரகலா அது? படி."

அம்மா பின்னாடி நின்னுக்கிட்டிருந்தா. உண்மை வாய் வரைக்கும் வந்துச்சு.

"அப்பா லீவு கேட்டிருக்கார்மா. கப்பல் விடலைன்னு போட்டிருக்கு."

"நிஜமாவே கேட்டாரா?"

அம்மா அப்படியே மடங்கி உட்கார்ந்தா. அப்புறம் மெதுவா எழுந்துபோய், மாலை போட்ட போட்டோ முன்னாடி நின்னு, பதினஞ்சு வருஷமா வாய்க்கு வந்தபடி பேசினேனே, என்னை மன்னிச்சிடுங்கன்னு கன்னத்துல போட்டுக்க ஆரம்பிச்சா. நிறுத்தவே இல்லை.

நான் லெட்டரை நாலா மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டேன். போய் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"விடும்மா. நீ என்ன, வேணும்னா பண்ணினே?"ன்னு சமாதானம் சொன்னேன்.