கொக்கு கட்டிய பருந்து வேஷம்

கோழியம்மா குப்பையைக் கிளறிக்கொண்டே, நேற்றுப் பார்த்த நாடகத்தை வாத்திடம் சொன்னாள். பருந்து வேஷம் கட்டிய கொக்கு ஒரு குஞ்சைத் தூக்கியதும் அவளுக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டதாம்.

"அந்தக் கொக்கு இனி என் வாசல் பக்கம் வரட்டும், கண்ணைப் பிடுங்கிடுறேன்!"

"அது வெறும் வேஷம்தானே அக்கா? சாயம்கூடக் கழுவாம குளத்தோரம் அழுதுக்கிட்டு நிக்குது, பாவம்."

"வேஷமோ என்னமோ, எனக்கு மனசு ஆறல. என் பக்கத்துல இருந்த நிஜப் பருந்து என்னமா அழுதுச்சு தெரியுமா? என் இறக்கையிலதான் கண்ணைத் துடைச்சுது. அவ்வளவு இளகின மனசு! 'நீ போய் இரை தேடு, பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன்'னு காலையிலேயே வந்துடுச்சு."

வாத்து பதறி வாயைத் திறப்பதற்குள், கூட்டுக்குள்ளிருந்து "அம்மா!" என்று ஒரு குஞ்சு கத்தியது.

"இதோ வரேன் கண்ணு, அதுவரைக்கும் பருந்து அத்தைகிட்ட சமத்தா..."