திரும்பி வராத மின்சாரம்

ஆனந்தராஜா சார் கோயில் மண்டபத்து வெள்ளைப் பலகையில் இரண்டு கோடு இழுத்தார்.

ஒன்றில் மின்சாரம் போகும். இன்னொன்றில் திரும்பி வரும். போன அளவு திரும்பி வராவிட்டால், மீதி வேறெங்கோ இறங்குகிறது என்று அர்த்தம். ஈர இரும்பில், தண்ணீரில், இல்லாவிட்டால் ஆள் உடம்பில். அப்படி இறங்கிய மறுகணமே மின்சாரத்தைத் துண்டிக்கத்தான் டிரிப் சுவிட்ச் இருக்கிறது.

பள்ளியில் ஐந்தாம் படிவத்துக்குப் பதினெட்டு வருடமாக நடத்துகிற பிசிக்ஸ் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

கோயில் கமிட்டிக்காரர்கள் ஏழு பேரும் தலையாட்டினார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி வீட்டுப் பேரன் சார் சொன்னால் மறுபேச்சு ஏது? தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியாயிற்று, கிராணி செத்து நாற்பது வருடம் ஆயிற்று, அந்தப் பழக்கம் மட்டும் சாகவில்லை.

சாகக்கூடாதவன் செத்துப் போனான். சசிகுமார், இருபத்தாறு வயது, ரவாங்கில் தொழிற்சாலை வேலை. திருவிழாவின் கடைசி நாள் சாம்பார் வாளியோடு ஓடியவன், சேற்றில் வழுக்கிப் பந்தலின் இரும்புக் காலைப் பிடித்தான். சீரியல் விளக்கு சுற்றியிருந்த கால். பிடித்த கையை அவனால் எடுக்க முடியவில்லை.

டிரிப் சுவிட்ச் அசையவே இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால், அதன் மேலும் கீழுமாக இரண்டு துண்டு ஒயர். சுவிட்ச் இருந்தும் இல்லாத மாதிரி யாரோ இணைத்து வைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ? கோயிலில் ஒயர் வேலை பார்ப்பது காளியண்ணன் ஒருத்தன்தான். முப்பது வருடமாக அம்மனுக்கென்று கூலி வாங்காமல் செய்கிறவன். லைசன்ஸ் கிடையாது. இத்தனை வருடம் யாருக்கும் உறைக்காத அந்த விஷயம் இப்போது எல்லார் வாயிலும் இருந்தது.

போலீசுக்குக் கடிதம் எழுத வேண்டும். என்ன நடந்தது, யார் செய்தது, நல்ல மலாயில். அதற்குத்தான் கமிட்டித் தலைவர் சுகுமாரன், புஞ்சாக் ஆலாமில் குடியிருக்கும் ஆனந்தராஜா சாரை வரவழைத்திருந்தார்.

காளியண்ணன் மூலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி புனிதவதி காப்பித் தட்டோடு வந்தாள். சாரிடம் கிளாசை நீட்டியபோது மெல்லச் சொன்னாள்.

"நீங்க படிச்சவங்க சார். நடந்தத நடந்தபடி சொல்லுங்க, அது போதும்."

காப்பி தொண்டையைச் சுட்டது.

நடந்தது சாருக்குத் தெரியும். திருவிழாவின் மூன்றாம் நாள். மேடையில் அவர் மகள் ரூபிணி சலங்கை கட்டி ஆடுகிறாள். கிள்ளானிலிருந்து சொந்தபந்தம் முழுக்க வந்திருக்கிறது. மழை தூறியதும் விளக்கு போனது. போட்டால் மறுபடி போனது. நான்கு தடவை! பிள்ளை மேடை நடுவில் அழாத குறையாக நின்றது. எந்த விளக்கில் தண்ணீர் புகுந்ததென்று பார்க்க வேண்டும், ஒரு மணி நேரமாகும் என்று சொல்லிவிட்டுக் காளியண்ணன் ஏணி எடுக்கப் போனான்.

ஒரு மணி நேரமா? சாருக்கு மானம் போனது. மெயின் சுவிட்சை அணைத்தார், பெட்டியைத் திறந்தார், இரண்டு துண்டு ஒயர், ஐந்தே நிமிடம். விளக்கு எரிந்தது, கைதட்டல் எழுந்தது, பிள்ளை ஆடி முடித்தாள். ஏணியோடு வந்த காளியண்ணனைக் கூட்டம் மறைக்காதே என்று விரட்டியது.

மறுநாள் வந்து கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்தார். மறந்து போனார். பாவி மனுஷன், மறந்தே போனார்.

"அப்ப காளிதான்னு எழுதிரலாமா சார்?" என்றார் சுகுமாரன்.

நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வேலை போகும், பென்ஷன் போகும், செத்தவன் வீட்டுச் சாபம் ரூபிணி தலையில் விழும். சார் பேனாவைத் திறந்தார். பிழையில்லாத மலாய். உரிமம் இல்லாத ஒயர்மேன் என்று எழுதி, பெயரையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

காளியண்ணன் கத்துவான், மண்ணை வாரித் தூற்றுவான் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவன் பலகையில் இருந்த கோடுகளையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"சாரே சொல்றாருன்னா... நான்தான் எப்பவாச்சும் போட்டு மறந்துட்டேன் போலருக்கு" என்றான்.

சார் வேகமாக வெளியே வந்து காரில் ஏறினார். சாவியைத் திருகுவதற்குள் புனிதவதி ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாள். வேறு வழியில்லாமல் இறக்கினார்.

"அன்னைக்கு இருட்டுல உங்க பின்னால நின்னு ஹென்போன் லைட்டு புடிச்சது நான்தான் சார். நீங்க திரும்பிப் பாக்கல."

சார் மண்டபத்துப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"பயப்படாதீங்க, சொல்ல மாட்டேன். சொன்னா மட்டும் கிராணி வீட்டுப் பேரன விட்டுட்டு என்னையா நம்பப் போறாங்க? எங்க வீட்டுக்காரரு பேரு போனது போனதுதான்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "என் மக உங்க வகுப்புலதான் இருக்கா. இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்ச எழுதணும். பிசிக்ஸ்தான் அவளுக்கு வரவே மாட்டேங்குது. அவளாச்சும் கரையேறட்டும் சார்."

சார் அவள் முகத்தைப் பார்க்காமல் கியரைப் போட்டார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பி வைங்க" என்றார்.

புனிதவதி இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள்.