எதுக்களித்த அகத்திக்கீரை

பிரகதீஸ்வரிக்கு ஆறு வருஷமாக நெஞ்செரிச்சல். எதுக்களித்தால் தொண்டைக்கு வருவது தின்றதன் ருசி அல்ல, இனிமேல் தின்னப்போவதன் ருசி. ஒருமுறையும் தப்பியதில்லை.

"ஆபரேஷன் பண்ணுனா எரிச்சல் நிக்கலாம். கொஞ்சம் ஆபத்தும் இருக்கு. நீங்கதான் முடிவு பண்ணணும்," என்று சம்மதப் படிவத்தை நீட்டினார் புதுக்கோட்டை டாக்டர்.

கணவன் வெற்றிசெல்வன் சிரித்தான். "வாயக் கட்டத் துப்பில்ல, இவளுக்கு ஆபரேசன் ஒரு கேடு. போய்ச் சேந்துட்டா வேற ஒருத்தியப் பாத்துக்கிறேன் சார்."

செத்துவிடுவோமோ என்று பயந்துதான் அவளும் இத்தனை நாள் தள்ளிப்போட்டாள். அப்போது எதுக்களித்தது. அகத்திக்கீரை. அவர்கள் வீட்டில் அதைக் கருமாதிக்கு மட்டும்தான் சமைப்பார்கள்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். செத்தவள் கருமாதிச் சோறு தின்னமாட்டாள்.

கீரையின் கசப்பை நிதானமாக விழுங்கினாள். கணவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பேனாவக் குடுங்க டாக்டர்," என்றாள்.