உறைக்குள் இருந்த எடை

நான் யாரிடமும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பேராசிரியர் உறையைக் கிழிக்கும்போது அவள் இதையே மூன்றாம் முறையாக மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். உண்மையைச் சொல்கிறவள் எதற்கு மூன்று முறை சொல்ல வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு உறைக்காரி என்று பேர். எடை அறை அவள் பொறுப்பு.

நான்கு வருடங்களுக்கு முன் அந்த உலோக உருண்டைகளை எடை போட்டவள் அவள்தான். உண்மை எடையை எழுதி உறையில் வைத்து ஒட்டினாள். குழுவுக்குக் கொடுத்தது, வேண்டுமென்றே சற்று மாற்றிய பொய் எடை.

அங்கே அதுதான் வழக்கம். உருண்டைகள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன என்று அளப்பவர்களுக்கு, உலகம் ஒப்புக்கொண்ட விடை முன்பே தெரியும். தெரிந்த விடையைப் பார்த்துக் கணக்கு தானாகச் சாய்ந்துவிடும். பொய் எடையோடு கணக்குப் போட்டால், எந்தப் பக்கம் சாய்வது என்றே தெரியாது. இனி ஒரு புள்ளியைக்கூட மாற்றமாட்டோம் என்று முடிவான பிறகுதான் உறை திறக்கும்.

பேராசிரியர் எண்ணை வாசித்தார். சின்னவள் கணினியில் தட்டினாள். குழுவின் கணக்கு முழுவதும் இந்த ஆய்வு மாணவி போட்டது. அவளுடைய பட்டமும் அதற்குப் பின் காத்திருக்கும் வேலையும் இதில்தான் தொங்கின.

திரையில் விடை மாறியது. ஒப்புக்கொண்ட விடைக்கும் அதற்கும் மயிரிழை தூரம்.

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. சின்னவள் ஓடிவந்து உறைக்காரியின் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

"நாலு வருஷம்! உறைக்காரி வயித்துல போட்டது கிணத்துல போட்ட கல்லு சார்," என்றார் கருவிகளைச் செய்துகொடுத்த பட்டறைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். உறைக்காரிக்குக் காது மடல் சுட்டது.

பேராசிரியர் ஒரு தாளை நீட்டினார். கட்டுரையோடு போக வேண்டிய உறுதிமொழி.

"ஒரு கையெழுத்து போடும்மா. நாளைக்கே அனுப்பிடலாம்."

உண்மை எடையைச் சொல்லாலோ எழுத்தாலோ குழுவினர் எவருக்கும் தெரிவிக்கவில்லை என்றது தாள்.

சொல்லவில்லை. எழுதவுமில்லை. ஒவ்வொரு எழுத்தும் நிஜம்.

பேனாவைத் திறந்தாள்.

போன வருடம், சிற்றுண்டிச்சாலையில் ஒரு பிற்பகல். சின்னவள் இரண்டு தாள்களை மேசையில் பரப்பியிருந்தாள். உருண்டையைத் தாங்கும் கம்பி பகல் வெப்பத்தில் சூடேறி முறுக்கு மாறுகிறது. அந்தப் பிழையைக் கணக்கில் கழிக்க இரண்டு வழிகள், இரண்டு விடைகள். இரண்டிலும் நியாயம் இருந்தது. எதை எடுப்பது என்று தெரியாமல் மூன்று மாதமாகத் தூங்காத கண்கள். ஆனாலும் அவள் எதுவும் கேட்கவில்லை.

உறைக்காரிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. உண்மை எடையைப் போட்டால் ஒரு தாள் ஒப்புக்கொண்ட விடையில் கரை சேரும். மற்றது எங்கோ தள்ளிப் போய் விழும். விழுந்தால் முதல் விரல் எடை அறையைத்தான் காட்டும்.

பாவம் பார்த்தேன் என்றுதான் அன்று தான் செய்ததற்கு இத்தனை நாளும் பேர் வைத்திருந்தாள். தோளின் ஈரம் காயும் முன்பே அந்தப் பேர் உதிர்ந்துபோயிற்று. அவள் பயந்தது தன் தராசின் பேருக்காக.

அன்றும் அவள் வாயைத் திறக்கவில்லை.

கையிலிருந்த தேநீர்க் கோப்பையை, வைக்க வேறு இடமே இல்லாதவள்போல, கரை சேராத தாளின் மேல் வைத்தாள். அவ்வளவுதான்.

கோப்பையை எடுத்தபோது ஈர வட்டம் படிந்திருந்தது. சின்னவள் கொஞ்ச நேரம் அந்த வட்டத்தைப் பார்த்தாள். பிறகு அந்தத் தாளை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு போனாள்.

உறைக்காரி பேனாவை மூடினாள்.

"என்னம்மா, மை வரலையா?"

"வருது சார். நான் போடலை."

ஏன், ஏன் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள்.

சின்னவள் மட்டும் கேட்கவில்லை.